குறுமரத்துக்கு ஓர் இடம்

சென்ற மார்கழி மாதத்தில், அரையாண்டு விடுமுறை விட்டதும், ஆடலூருக்குச் சென்றிருந்தோம். திண்டுக்கல் சமவெளியிலிருந்து கீழ்ப் பழனி மலைமேல் ஏறினால், பன்றிமலை, தாண்டிக்குடி முதலிய ஊர்களின் அண்டையில் இருக்கும் ஊர் அது. காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் பூமி. நாம் போன சமயம் காப்பிப் பழம் பறிக்கும் காலம். நண்பர் வீட்டுக் களத்திலே பழம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கூடத்திலோ வேறொன்று காய்ந்துகொண்டிருந்தது.

டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு மேஜைமேல், பீங்கான் தட்டத்தில் ஒன்றரை அடி உயரமுள்ள ஓர் இச்சி மரம் இருந்தது. போன்சாய் என்று ஜப்பானியர் சொல்லும் குறுமரம். அதன் அடிமரம் கட்டைவிரலைப் போல இரண்டு மடங்கு பருமன். ஆனால் இலைகளில் பாதி மஞ்சள்; மீதிப் பாதி மேஜைமேல்.

"வாத்தியார் ஐயா, இதற்கு என்ன குறை வைத்தேன் என்று தெரியவில்லை. தினம் இரண்டு வேளை தண்ணீர் விடுகிறேன். தூசி படாமல் துடைக்கிறேன். அம்மா இருந்தவரையில் வாசல் திண்ணையோரமாய்க் கிடந்தது. அப்பொழுது அதை யாரும் கவனித்ததே இல்லை, நன்றாகத்தான் இருந்தது. அம்மா போனபிறகு, அவர்கள் ஞாபகமாயிற்றே என்று கூடத்துக்குக் கொண்டுவந்து கௌரவமாக வைத்தேன். அன்று பிடித்துத்தான் இந்தக் கதி" என்றார் நண்பர்.

அந்த மரத்தின் பூர்வோத்தரம் நமக்கும் தெரியும். நண்பரின் தாயார் இருபது வருஷத்துக்கு முன் கீழ்நாட்டிலிருந்த தம் பிறந்த வீட்டின் கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த கன்றைப் பிடுங்கி வந்து, தட்டத்தில் வைத்து வளர்த்தவர். அந்த வீடும் இப்போது இல்லை. அந்தக் கிணறும் இல்லை. மிச்சமிருப்பது இந்த மரம் ஒன்றே. ஆகவே நண்பர் கேட்ட கேள்வி, செடி வளர்ப்பவர் கேட்கும் சாதாரணக் கேள்வி அல்ல.

விடை அவர் சொன்ன வார்த்தையிலேயே இருந்தது. தாயார் மரத்தைச் சரியான இடத்தில் வைத்திருந்தார். பிள்ளை கௌரவமான இடத்தில் வைத்தார். மரத்துக்குக் கௌரவம் தேவையில்லை. வெயில் தேவை.

போன்சாய் என்ற சொல்லுக்குத் தட்டத்தில் நட்டது என்பதே பொருள். அது தனியான மரச் சாதி அன்று. சீன தேசத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த ஒரு வளர்ப்பு முறை. ஆலோ, இச்சியோ, தேவதாருவோ, எந்த மரமானாலும் அது வெளியில் வளரும் மரமே. தட்டத்தில் ஏறிவிட்டதனால் அதன் சுபாவம் மாறிவிடுவதில்லை. நம் கண் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. திறந்தவெளியில் உச்சி வெயிலின் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். விளக்கேற்றிய கூடத்தின் நடுவிலே சில நூறு லக்ஸ் மட்டுமே. நமக்குப் படிக்கப் போதுமான வெளிச்சம் மரத்துக்குப் பட்டினி. ஒளி குறைந்தால் இலைக்கு வேலை குறையும். வேலை குறைந்த இலை தண்ணீரை இழுக்காது. இழுக்காத தண்ணீர் வேரடியில் தேங்கி வேரை அழுகச் செய்யும். நண்பர் அன்போடு விட்ட இரண்டாவது வேளைத் தண்ணீர், மரத்துக்கு இரண்டாவது தண்டனையாயிற்று.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. காப்பித் தோட்டக்காரருக்கு நிழலின் அருமை தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது. எந்தச் சரிவில் எவ்வளவு நிழல் வேண்டும், மழைக்கு முன் சில்வர் ஓக்கின் எந்தக் கிளையைக் கழித்து ஒளியை உள்ளே விடவேண்டும் என்பதெல்லாம் நண்பருக்குக் கரதலப் பாடம். ஆயிரக்கணக்கான செடிகளுக்கு வெயிலை அளந்து கொடுப்பவர், சொந்தக் கூடத்திலிருந்த ஒரே மரத்துக்கு அளக்க மறந்துவிட்டார். நாம் இதைச் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

மரத்துக்கு இடம் தேடுவது அற்ப விஷயம் என்று எண்ணவேண்டாம். 1923-ஆம் வருஷத்துப் பெரும் பூகம்பத்துக்குப் பின், தோக்கியோ நகரத்துக் குறுமரத் தொழிலாளர் சிலர், நல்ல காற்றும் நீரும் மண்ணும் உள்ள இடத்தை நாடி, ஓமியா என்னும் இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1925-இல் அங்கே அவர்கள் அமைத்த கிராமம் இன்றும் போன்சாய் கிராமம் என்றே வழங்குகிறது. மரங்களுக்காக மனிதர் ஊர் மாறிய கதை இது.

இன்னொரு கதை இதைவிடப் பெரிது. 1625-ஆம் வருஷம் முதல் வளர்க்கப்பட்டு வந்த ஒரு வெள்ளைத் தேவதாரு, ஹிரோஷிமா நகரில் யமாகி என்னும் குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி அணுகுண்டு விழுந்தபோது, வெடித்த இடத்துக்கும் அம்மரத்துக்கும் இடையே சுமார் மூன்று கிலோமீட்டர் தூரமே. தோட்டத்தின் உயர்ந்த மதிற்சுவரின் மறைவில் இருந்ததனால் மரம் பிழைத்தது. 1976-இல் ஜப்பானியர் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த குறுமரங்களுள் அதுவும் ஒன்று. வாஷிங்டன் நகரத்துத் தேசிய மரத்தோட்டத்தில் அதை இன்றும் காணலாம். குண்டுபோட்ட நாட்டுக்கே அம்மரத்தைக் கொடுத்த மனிதரின் உள்ளத்தை என்னவென்று புகழ்வது! 2001-இல் அவருடைய பேரர்கள் நேரில் வந்து சொன்ன பிறகே மரத்தின் முழு வரலாறும் அங்குள்ளோருக்குத் தெரியவந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் வைப்பதா, அந்தப் பக்கம் வைப்பதா என்பதில் ஓர் உயிரே அடங்கியிருந்தது.

அப்படியானால் நம் வீட்டில் எங்கே வைப்பது? கிழக்கு வெயில் படும் இடமே சிறந்தது. காலையில் நான்கைந்து மணி நேரம் வெயில், பிற்பகலில் நிழல் என்றிருந்தால் ஆல், அரசு, அத்தி, இச்சி யாவும் சுகமாக இருக்கும். ஆடலூர் போன்ற மலையில் பகல் முழுதும் வெயில் பட்டாலும் கேடில்லை. அங்கே கவனிக்க வேண்டியவை குளிர்காலத்து இரவும், ஐப்பசி கார்த்திகையின் அடைமழையும், காற்றும். இரவில் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு நகர்த்தினால் போதும். கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் மட்டும் வைக்கலாகாது; மண் கரைந்துவிடும். மதுரை, திருச்சி போன்ற சமவெளிகளில் நிலைமை வேறு. சித்திரை வைகாசியில் மொட்டைமாடித் தளம் அடுப்புக்கல்லாய்க் கொதிக்கும். ஆழமில்லாத தட்டத்தில் வேர் வெந்துபோகும். ஆகவே தட்டத்தைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, நடுப்பகலுக்குத் தென்னங்கீற்றால் நிழல் செய்யவேண்டும்.

பலகை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும்? உட்கார்ந்தோ நின்றோ பார்ப்பவரின் கண்ணுக்கு அடிமரம் நேராகத் தெரியும் உயரம். மேலிருந்து குனிந்து பார்த்தால் அது செடி. நேரே பார்த்தால்தான் அது மரம். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கிளைகளின் உருவம் தெளிவாய்த் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை தட்டத்தைக் கால்வட்டம் திருப்பிவைக்க வேண்டும். இல்லாவிடில் கிளைகள் வெயிலிருக்கும் பக்கமே சாய்ந்துவிடும். காற்றுக்கு விழாமலும் குரங்கு தட்டாமலும் தட்டத்தைப் பலகையோடு கட்டிவைப்பது மலைவாசிகளுக்கு உத்தமம்.

"விருந்தினர் வந்தால் கூடத்தில் வைக்கவே கூடாதா?" என்று நண்பர் கேட்டார். வைக்கலாம். உற்சவமூர்த்தி வீதியுலா வந்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்புவதுபோல, ஒரு நாள் இரண்டு நாள் கூடத்துக்கு எழுந்தருளிவிட்டு மரம் தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். குறுமரம் வீட்டுக்குள் இருந்தால் குடும்பம் வளராது என்று சொல்வாரும் உண்டு. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. மரம் வெளியில் இருக்கவேண்டும் என்பதில் சாஸ்திரக்காரரும் தோட்டக்காரரும் ஒரே கட்சி.

அன்று மரத்தை உடனே வெயிலில் தூக்கி வைக்கவில்லை. ஒரு வாரம் தாழ்வாரத்திலும், பிறகு காலை வெயிலிலும் படிப்படியாகப் பழக்கும்படி சொன்னோம். விரலை ஓரங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்தால் மட்டுமே தண்ணீர் என்று ஏற்பாடு. கிளைகளை ஒவ்வொன்றாக நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தோம். பட்டைக்கு அடியில் பசுமை தெரிந்தால் உயிர் உண்டு. எல்லாக் கிளைகளிலும் பசுமை இருந்தது, ஒன்றைத் தவிர. இடப்பக்கம் நீண்டு, மரத்துக்கே அழகாயிருந்த பெரிய கிளை உலர்ந்துவிட்டது. தாயார் கம்பி சுற்றி வளைத்த கிளை அது. நண்பர் நெடுநேரம் பேசவில்லை. நாமும் ஆறுதல் சொல்லத் துணியவில்லை.

கோடை விடுமுறையில் மறுபடி போனோம். காப்பி பூத்து ஓய்ந்திருந்தது. மரம் நிறையத் துளிர்விட்டிருந்தது. உலர்ந்த கிளையை வெட்டி, மரத்தைத் தட்டத்தில் புதிதாக அமர்த்தவேண்டிய காரியம் பாக்கி இருந்தது. மரம் நலிந்திருக்கும்போது வேரில் கை வைக்கலாகாது. துளிர்க்கும் பருவம் வரை பொறுத்ததற்குக் காரணம் அதுவே.

தட்டத்தில் மரத்தை எங்கே நிறுத்துவது என்பதற்கு முன், மரத்தின் முகம் எது என்று தீர்மானிக்க வேண்டும். வேர்கள் தரையைப் பற்றும் அழகு எந்தப் பக்கம் நன்கு தெரிகிறதோ, அடிமரத்தின் வளைவு எந்தப் பக்கம் ஓட்டமாய் இருக்கிறதோ, அதுவே முகம். இடக்கிளை போனபின் பழைய முகம் மொட்டையாயிற்று. மரத்தை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கால்வட்டத்துக்குச் சற்றுக் குறைவாய்த் திருப்பியதும், இதுவரை பின்னால் மறைந்திருந்த ஒரு கிளை வலப்பக்கம் வந்து நின்றது. வெட்டுக்காயம் பின்னே மறைந்தது. இருபது வருஷமாய் யாரும் பார்க்காத முகம் அது.

நீள்சதுரமோ நீள்வட்டமோ ஆன தட்டத்தில் மரத்தை நட்டநடுவில் வைப்பதில்லை. பெரிய கிளை எந்தப் பக்கம் நீளுகிறதோ, அந்தப் பக்கம் வெற்றிடம் அதிகமாயிருக்க வேண்டும். நம் மரத்தின் கிளை இப்போது வலப்பக்கம். எனவே அடிமரத்தை இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் நிறுத்தினோம். முன்னும் பின்னும் பார்த்தால் நடுக்கோட்டுக்குச் சிறிது பின்னே. முன்னால் கொஞ்சம் நிலம் தெரிந்தால்தான், வயல்வெளியின் ஓரத்தில் நிற்கும் ஆலமரம் போன்ற தோற்றம் உண்டாகும். மரத்தின் உச்சி பார்ப்பவரை நோக்கி இம்மியளவு முன்சாய்ந்திருப்பது நலம். வட்டமோ சதுரமோ ஆன தட்டமாயின் நடுவில் வைப்பதே முறை.

தட்டத்தின் அளவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆழம் அடிமரத்தின் பருமன் அளவு. பதினெட்டு அங்குல மரத்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தட்டம். ஆனால் நம் நாட்டு வெயிலுக்கு ஆழம் சற்றுக் கூடுதலாய் இருந்தால் குற்றமில்லை. அடியில் துளைகள் அவசியம். துளைமேல் வலைத்துண்டு, துளை வழியே ஒரு கம்பி. சலித்த செங்கல் ஜல்லி, பருமணல், மட்கிய எரு இம்மூன்றும் கலந்த மண். வேரின் நுனிகளை அளவாய்க் கழித்து, மரத்தை இருத்தி, கம்பியால் வேரடியைத் தட்டத்தோடு கட்டவேண்டும். ஆடும் மரத்துக்குப் புது வேர் பிடிக்காது. மூங்கில் குச்சியால் வேரிடுக்குகளில் மண்ணைத் தள்ளி நிரப்பி, துளை வழியே தெளிந்த நீர் வரும்வரை தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்தோம்.

தட்டத்துக்காகப் பிறநாட்டுப் பீங்கானைத் தேடவேண்டியதில்லை. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் குயவர் கைக்கு வராத தட்டமும் உண்டோ? மரமும் நம் மரமாகவே இருக்கட்டும். பழைய வீட்டுச் சுவரிலும், கிணற்றிலும் முளைத்துச் சுவரைப் பிளக்கும் ஆலும் இச்சியும் எத்தனை! அவற்றைச் சிறு கன்றிலேயே எடுத்து வளர்த்தால் சுவரும் பிழைக்கும், மரமும் பிழைக்கும். ஆனால் மலையிலே காற்றாலும் குளிராலும் இயல்பாகவே குறுகி நிற்கும் சோலை மரங்களைப் பெயர்த்துக்கொண்டு வரும் ஆசை மட்டும் யாருக்கும் வேண்டாம். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டிருப்பது அவற்றையும் காப்பதற்கே. அவற்றுக்கு இருக்கும் இடமே சரியான இடம்.

மரத்தைக் குள்ளமாக்குவது பாவமல்லவா என்று நம் மாணவன் ஒருவன் கேட்டான். பட்டினி போட்டுக் குள்ளமாக்குவதானால் பாவமே. ஆனால் உரமும் நீரும் வெயிலும் குறையாமல் கொடுத்து, நுனிகளை மட்டும் கழித்து வளர்ப்பதே இம்முறை. அந்தக் கத்தரியால் ஆடலூர் மரத்துக்கு இருபது வருஷத்தில் ஒரு தீங்கும் நேரவில்லை. இருட்டில் வைத்த சில மாதங்களே அதற்கு ஒரு கிளையைப் போக்கின.

போன வாரம் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. மரம் இப்பொழுது வாசல் திண்ணையோரம், தாயார் வைத்திருந்த பழைய இடத்திலேயே இருக்கிறதாம். வெட்டிய கிளையின் காயத்தைச் சுற்றிப் பட்டை மூடத் தொடங்கியிருக்கிறதாம். "தினம் காலையில் காப்பி சாப்பிடும் நேரத்தில் அதன் எதிரே உட்காருகிறேன். கூடத்தில் இருந்தபோது இவ்வளவு நேரம் அதைப் பார்த்ததில்லை" என்று எழுதியிருக்கிறார்.