ஹப்பா காத்தூனுமா பறிமுதல்?

2025 ஆகஸ்ட் 5 அன்று ஜம்மு காஷ்மீர் உள்துறை ஓர் ஆணை போட்டு 25 புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. ஜம்மு காஷ்மீருக்குச் சிறப்புத் தகுதி தந்த அரசியல் சட்டத்தின் 370ஆவது பிரிவு செயலிழக்கச் செய்யப்பட்டதன் ஆறாம் ஆண்டு நாள் அது. தேதி தற்செயலாக வாய்த்தது என்று நம்பச் சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும். பிரிவினையைத் தூண்டுகின்றன, வரலாற்றைத் திரிக்கின்றன, பயங்கரவாதிகளைப் போற்றுகின்றன என்பவை குற்றச்சாட்டுகள். எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம் என்று ஆணை சொல்லவில்லை. பட்டியலில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பதிப்பகமும் மட்டும்தான். போலீசார் கடை கடையாகப் போய் அலமாரிகளைக் கிளறினார்கள். அந்த நாள்களில்தான் தால் ஏரிக்கரையில் அரசு ஆதரவோடு புத்தகத் திருவிழாவும் நடந்துகொண்டிருந்தது.

இந்த ஆணையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அது முழுவதுமாகத் திரும்பப் பெறப்பட வேண்டும்.

பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால்தான் அதன் விபரீதம் புரியும். சட்ட அறிஞர் ஏ.ஜி. நூரானி ஆவணம் ஆவணமாகத் தேடி எழுதிய காஷ்மீர்ப் பிரச்சினை வரலாறு அதில் இருக்கிறது. ‘காஷ்மீர் டைம்ஸ்’ ஆசிரியர் அனுராதா பசின் 2019க்குப் பிந்தைய நிலைமையைப் பதிவு செய்த நூல் இருக்கிறது. நேதாஜியின் அண்ணன் சரத் சந்திர போஸின் பேரன்கள் சுகதா போஸ், சுமந்திர போஸ் இருவரின் நூல்களும் இருக்கின்றன. போஸ் குடும்பத்துக்கே தேசபக்திப் பாடம் எடுக்கத் துணிந்த உள்துறையை என்னவென்று சொல்வது! 1991 பிப்ரவரியில் குனான், போஷ்போரா என்ற இரண்டு கிராமங்களில் ராணுவத்தினர் மீது எழுந்த கூட்டுப் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டை மறக்கவிடக் கூடாது என்று ஐந்து இளம் காஷ்மீர்ப் பெண்கள் சேர்ந்து எழுதிய புத்தகமும் தப்பவில்லை. காணாமல்போன கணவனையும் மகனையும் தேடி அலையும் பெண்களோடு வருடக்கணக்கில் பழகி மானுடவியலாளர் அதர் ஜியா எழுதியதும் தப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாரிக் அலி, அருந்ததி ராய், பங்கஜ் மிஷ்ரா முதலானோர் 2011இல் வெளியிட்ட கூட்டுத் தொகுப்பு ஒன்றும் பட்டியலில் உள்ளது. அந்தத் தொகுப்பில் இடம்பெற்ற படைப்பாளிகளில் ஒருவர் ஹப்பா காத்தூன். பதினாறாம் நூற்றாண்டுக் கவி. உழவர் வீட்டில் பிறந்து, மன்னன் யூசுப் ஷா சக்கின் துணைவியானவர் என்று காஷ்மீர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. யூசுப் ஷாவை அக்பர் சிறைபிடித்து பீகாருக்கு அனுப்பினார். யூசுப் ஷா ஊர் திரும்பவே இல்லை. அந்தப் பிரிவைப் பாடிய பாடல்கள்தான் இன்றும் அங்கே கல்யாண வீட்டிலும் வானொலியிலும் ஒலிக்கின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன் புருஷனைப் பறிகொடுத்துப் புலம்பிய ஒரு பெண்ணின் பாட்டால் இந்த நாட்டின் இறையாண்மைக்கு என்ன கேடு வந்தது? ஆணையில் கையெழுத்துப் போட்டவர் அந்தத் தொகுப்பைப் பிரித்தாவது பார்த்தாரா என்பதே நம் சந்தேகம்.

இஸ்லாமிய இயக்கங்களைத் தோற்றுவித்த மௌதூதி, ஹசன் அல்பன்னா ஆகியோரின் நூல்களும் பட்டியலில் உண்டு என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்டுதான். வன்முறைக்கு ஆள் சேர்க்கும் வரிகள் அவற்றில் இருந்தால், அந்த வரிகளைக் காட்டி, தனி ஆணை போட்டு, நீதிமன்றத்தில் வாதாடட்டும். நம் பரமத்தி வேலூர் வாழைத்தார் ஏலத்தில்கூட ஒவ்வொரு தாராகத் திருப்பிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். மதப் பிரச்சாரகரையும் பல்கலைக்கழகப் பேராசிரியரையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே முத்திரை குத்துவது சோம்பேறித்தனம், இல்லையென்றால் உள்நோக்கம். காரணத்தைச் சொல்லாமல் போட்ட பறிமுதல் ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஹர்னாம் தாஸ் வழக்கில் 1961லேயே சொல்லிவிட்டது. உள்துறைக்கு இது தெரியாதா?

இந்தப் பறிமுதல் அதிகாரத்தின் பூர்வீகம் தமிழனுக்கு நன்றாகத் தெரியும். இப்போது அதற்குப் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆவது பிரிவு. அதற்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆவது பிரிவு. வெள்ளைக்காரன் காலத்தில் 99ஏ. 1928இல் பாரதியின் பாடல் நூல்களைச் சென்னை அரசாங்கம் வாரிக்கொண்டு போனது அந்த 99ஏ பிரிவின் கீழ்தான். சட்டமன்றத்தில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எழுந்து நின்று அன்றைய அரசாங்கத்தைக் கேள்வி கேட்டார். சட்டத்தின் பெயரை மாற்றினோம், அடிமைக்கால மிச்சத்தை ஒழித்தோம் என்று பெருமை பேசுகிறவர்கள், இந்த ஒரு பிரிவை மட்டும் வரி பிசகாமல் பத்திரப்படுத்தியது ஏன்?

“காஷ்மீர் எங்கோ இருக்கிறது, பரமத்தி வேலூருக்கு என்ன வந்தது?” என்று கேட்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். முதல் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மாநிலம் பறிமுதல் ஆணை போட்டுவிட்டால், இந்தியாவில் எங்கே அந்தப் பிரதி கிடைத்தாலும் எந்தப் போலீஸ்காரரும் கைப்பற்றலாம். நூரானியின் புத்தகம் நம் நூலகத்தில் இருந்தாலும், நாமக்கல்லில் ஒரு கல்லூரி மாணவியின் மேசையில் இருந்தாலும், ஸ்ரீநகரில் போட்ட ஆணை அங்கேயும் கை நீட்டும்.

இரண்டாவது பதில் நம் நாமக்கல் மாவட்டத்தின் வெட்கம். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் கொளுத்தப்பட்டது. ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் ஓர் எழுத்தாளரை உட்கார வைத்து, நிபந்தனையில்லா மன்னிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் கூட்டத்தை நடத்தியவர்கள் அரசு அதிகாரிகள். அடுத்த மாதமே காவிரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கரூரில், எழுத்தாளர் புலியூர் முருகேசன் ஒரு சிறுகதைக்காக அடிபட்டார். நாமக்கல் கவிஞர் பிறந்த மோகனூர் நமக்குப் பக்கத்து ஊர் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோமே, அந்த வாரங்களில் நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் வழக்குத் தொடுத்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகத்தில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொன்னது. இலக்கியத்தை எடை போடுவது போலீசுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய வேலை இல்லை, அதற்கு வல்லுநர் குழு வேண்டும் என்றும் சொன்னது. எழுத்தாளர் மறுபடி எழுந்து வந்து எழுதட்டும் என்று முடித்தது. தீர்ப்பை வழங்கியவர் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல்; உடன் அமர்ந்தவர் நீதிபதி புஷ்பா சத்யநாராயணா.

கௌல் காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தைச் சேர்ந்தவர். நம் மாவட்டத்து எழுத்தாளனின் பேனாவைத் திருப்பிக் கொடுத்த அதே நீதிபதி, உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 2023 டிசம்பர் 11 அன்று 370 வழக்கில் தனித் தீர்ப்பு எழுதினார். 370ஐ நீக்கியதை அவர் ஏற்றுக்கொண்டவர்தான். ஆகவே தேசவிரோதி என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அவர் கேட்டது ஒன்று. 1980களிலிருந்து காஷ்மீரில் நடந்த உரிமை மீறல்களை, அரசு செய்தவையானாலும் ஆயுதக் குழுக்கள் செய்தவையானாலும், விசாரித்துப் பதிவு செய்ய ‘உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம்’ ஒன்று வேண்டும். நினைவு தேய்ந்து போவதற்குள் வேண்டும். தென்னாப்பிரிக்காவை அவர் உதாரணம் காட்டினார்.

அந்தப் பரிந்துரையை மத்திய அரசு எடுத்துக்கொள்ளவில்லை. நினைவைப் பதிவு செய்யச் சொன்னார் நீதிபதி; பதிவாகியிருந்த நினைவை மூட்டை கட்டி எடுத்துப் போனது உள்துறை. இதைவிடக் கண்டிக்கத்தக்க முரண் என்ன இருக்க முடியும்?

அந்த நினைவில் காஷ்மீர இந்துக்களான பண்டிதர்களின் நினைவும் அடக்கம் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். 1990இல் அனந்தநாக் பக்கம் கவிஞர் சர்வானந்த கௌல் பிரேமியை மகனோடு சேர்த்து ஆயுதக் குழுவினர் கடத்திக் கொன்றார்கள். கீதையைக் காஷ்மீரியில் தந்தவர் அவர். வீட்டில் குர்ஆன் பிரதியைப் போற்றி வைத்திருந்தவர் என்பதும் அவரைக் காப்பாற்றவில்லை. பத்திரிகையாளர் ராகுல் பண்டிதா தம் குடும்பம் வேரறுந்து ஜம்முவுக்கு ஓடிவந்த கதையை 2013இல் எழுதினார். குனான் போஷ்போராவைப் பேசும்போது பண்டிதர்களை விழுங்கிவிடும் முற்போக்காளர்களையும், பண்டிதர்களைப் பேசிவிட்டுக் குனான் போஷ்போரா என்றதும் காதைப் பொத்திக்கொள்ளும் தேசபக்தர்களையும் நாம் ஒரே தராசில்தான் நிறுத்துகிறோம். லல் தெத் என்ற சைவப் பெண் துறவியின் வாக்குகளை முஸ்லிம் வீடுகளிலும் மனப்பாடமாகச் சொன்ன மண் அது. அங்கே ஒரு சமூகத்தின் துக்கத்துக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுத்தால், அந்தத் துக்கமும் தேர்தல் சரக்காகத்தான் முடியும்.

இந்த ஆணை தனியாக முளைத்ததும் அல்ல. ஆகா ஷாகித் அலியின் கவிதைகளும் பஷாரத் பீரின் நினைவுக் குறிப்பும் ஸ்ரீநகரின் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டதாக 2023இலேயே செய்தி வந்தது. 2025 பிப்ரவரியில் போலீசார் ஸ்ரீநகர்க் கடைகளில் 668 புத்தகங்களை அள்ளினார்கள். ஆகஸ்டில் பட்டியலே வந்துவிட்டது. உமர் அப்துல்லாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசோ, உள்துறை எங்கள் கையில் இல்லை, துணைநிலை ஆளுநர் கையில் என்று கை கழுவியது. அது உண்மைதான். ஆனால் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருவதை யார் தடுத்தார்கள்?

ஆணையை எதிர்த்து ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி கபில் காக், முன்னாள் தலைமைத் தகவல் ஆணையர் வஜாகத் ஹபீபுல்லா, ஆய்வாளர் ராதா குமார், சுமந்திர போஸ் ஆகியோர் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். காக்கும் ஒரு பண்டிதர் என்பதை, இந்த ஆணை பண்டிதர்களுக்காகத்தான் என்று பேசுகிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று துணைநிலை ஆளுநர் மாளிகை காலம் கடத்தக் கூடாது. தவறாகப் போட்ட ஆணையைப் போட்ட கையாலேயே ரத்து செய்ய எந்தத் தடையும் இல்லை. கைப்பற்றிய பிரதிகளைக் கடைக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீதிபதி கௌல் கேட்ட ஆணையத்தை மத்திய உள்துறை அமைக்க வேண்டும். பண்டிதர் முகாம்களிலும் பள்ளத்தாக்குக் கிராமங்களிலும் அது ஒன்றுபோல உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தமிழ்நாடு அரசிடமும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. 2015இல் நாமக்கல்லில் செய்த பிழைக்கு உயர் நீதிமன்றத்தில் குட்டு வாங்கிய அரசு இது. அந்த 25 நூல்களைத் தேடித் தமிழ்நாட்டு நூலகங்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் தன் போலீஸ் நுழையாது என்று உள்துறைச் செயலாளர் எழுத்தில் சொல்வாரா? நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அவையில் இதை எழுப்பட்டும். அவர் எழுப்பினாரா இல்லையா என்பதை இந்த இதழ் மாதா மாதம் அச்சிட்டுக்கொண்டே இருக்கும்.