விதியின்மேல் பழி சுமத்தலாமோ?

இருதயம் தளர்ந்து, கால் வீங்கி, மூச்சிரைப்பவனின் நாளை எண்ணுவன வயதும் விதியுமே என்று ஆறுமுகநேரி நண்பர் வாதிப்பதை நான் முற்றிலும் மறுக்கிறேன். மூப்பும், சிறுநீரகக் கோளாறும், இரத்தத்தை உந்தும் சக்தி குன்றுவதும் அபாயத்தைப் பெருக்கும் என்பது சத்தியமே; ஆயினும், 2013இல் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளில் இருதயச் செயலிழப்பு என்னும் இந்நோயோடு சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்த பதிவேடு, கல்விக் குறைவையும், போதிய மருந்து பெறாமையையும் அவற்றோடு ஒரே வரிசையில் வைத்துக் காட்டுகிறதே! அங்கே ஓராண்டுக்குள் நூற்றுக்குச் சுமார் 30 பேர் மாண்டனர். உந்துசக்தி குன்றியோரில் உரிய மருந்துகளோடு வீடு திரும்பியவர் நாலில் ஒருவரே. உப்பளத்து வெயிலில் உழைத்து, கருவாட்டோடு கஞ்சி குடிக்கும் நம்மூர்த் தொழிலாளியிடம், உப்பைக் குறை, வீக்கம் வடிந்தாலும் மாத்திரையை நிறுத்தாதே என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆளில்லாததையா, நண்பரே, விதி என்கிறீர்கள்?