பாஸ், வண்டி வர லேட்டாகும்!

ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறினா ரெண்டு பாட்டு கேக்கறதுக்குள்ள காவிரிப் பாலத்தைத் தாண்டிடறோம். ஆனா, நம்ம மலைக்கோட்டை தாயுமானவர் கதையே ஆறு தாண்ட முடியாததாலதான்! ரத்னாவதிக்குப் பிரசவ வலி; அம்மா வெள்ளத்துல அக்கரையில மாட்டிக்கிட்டாங்க. சிவனே அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பார்த்தாராம். இன்னிக்கும் சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் படைக்கிறாங்க. எனக்கு இது பக்கா டிரான்ஸ்போர்ட் பிரச்னையாத்தான் தெரியுது (இன்ஜினீயரிங் புத்தி!).

துறையூர் பக்கம் பச்சைமலைக்குப் போய்ப் பாருங்க. அங்கே ஆத்துக்குப் பதிலா மலைப்பாதை. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது பெரிய விஷயம்தான். ஆனா, பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு நிக்கலைன்னா ரெண்டு மணி நேரத்துலயே உயிர் போயிடலாம். வண்டி மலையேறி, திரும்ப இறங்கி, ரத்தம் ஏத்தற ஆஸ்பத்திரிக்கு வரணும். நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

அதுக்குத்தான் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவக் காத்திருப்பு அறைகள் வந்தன. தேதி நெருங்கும்போதே கர்ப்பிணி வந்து தங்கிடலாம். சூப்பர் ஐடியா!

2019-21 தேசியக் குடும்பநல சர்வேப்படி தமிழ்நாட்டுல 99.6 சதவிகிதப் பிரசவம் மருத்துவமனைகள்லதான். மிச்சம் ஆயிரத்துக்கு நாலு. அந்த நாலு பேரை 'விழிப்பு உணர்வு இல்லாதவங்க'னு சொல்றது ரொம்ப ஈஸி. பத்து நாள் முன்னாடியே வந்து படுத்துக்கிட்டா மூத்த குழந்தையை யார் பாக்கறது? ஆட்டை யார் மேய்க்கறது? துணைக்கு வர்ற மாமியாரோட கூலி? அறை கட்டறப்ப இதையும் எஸ்டிமேட்ல சேர்க்கணும் சார்!