பன்றிக்குத் தெரியுமா எல்லைக்கோடு?

"பன்னி கேறிட்டு அண்ணாச்சி! மரச்சீனி ஒரு மூடு மிச்சமில்ல!"

குமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் நம் காதில் விழும் குரல் இது. தடிக்காரன்கோணத்தில் கேட்கலாம், கீரிப்பாறையில் கேட்கலாம், பேச்சிப்பாறையில், கடையாலுமூட்டில், பத்துகாணியில் கேட்கலாம். வட்டிக்கு வாங்கிய பணத்தை மண்ணிலே போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, நாளை வெட்டலாம், நாளை மறுநாள் விற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்த உழவன் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகிறான். ஏத்தன் வாழை சாய்ந்து கிடக்கிறது. அதன் அடிக்கிழங்கு கடித்துக் குதறப்பட்டிருக்கிறது. மரச்சீனி விளை உழுத நிலம்போல் காட்சி தருகிறது. உழுதது ஏர் அல்ல, பன்றியின் மூக்கு!

"பன்றிதானே, ஒரு தோட்டாவில் தீர்ந்தது!" என்பார் பட்டணத்து நண்பர். "வாயில்லா ஜீவன், அதைத் தொடாதே!" என்பார் அவருடைய அடுத்த வீட்டுக்காரர். இருவரும் பன்றியைப் பார்த்தவர்கள் அல்லர். பன்றியால் பட்டினி கிடப்பவனைப் பார்த்தவர்களும் அல்லர். இருவருக்கும் நாம் சொல்வது ஒன்றுதான்: முதலில் பன்றியைத் தெரிந்து கொள்ளுங்கள்; பிறகு தீர்ப்பளியுங்கள்!

பகைவனை அறிக!

காட்டுப்பன்றிக்குக் கண்பார்வை மட்டம். மூக்கோ மகா கூர்மை. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கை மேலிருந்தே மோப்பம் பிடிக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாராமல் காவலுக்குப் போகிறவன், தன் வருகையைத் தானே அறிவித்து விடுகிறான். பகலெல்லாம் புதரிலே படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் புறப்படும். வெயில் தாங்காத உடல். ஆகவே சேற்றைத் தேடிப் புரளும், புரண்ட உடம்பை மரத்தில் தேய்க்கும். சேறு பூசிய மரத்தையும் குளம்புத் தடத்தையும் பார்த்தே, எத்தனை வந்தன, எப்பக்கம் போயின என்று படித்து விடுவார்கள் மலைவாழ் காணி மக்கள்.

கூட்டமாகத் திரிவன பெண் பன்றிகளும் குட்டிகளும். வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனியே திரியும். ஏறத்தாழ 4 மாதத்தில் ஈனும். ஓர் ஈற்றுக்கு நாலைந்து குட்டி என்பது சாதாரணம். வேட்டைக்காரன், வீரம் காட்ட எண்ணி, கோரைப்பல் நீண்ட ஒற்றைப் பன்றியைச் சுட்டு வீழ்த்தி மீசையை முறுக்குவான். ஆனால் விளையை அழித்த கூட்டமோ, அடுத்த இரவே குட்டிகளோடு வந்து நிற்கும்! தோட்டா செலவானது, தொல்லை தீரவில்லை.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு: பழகிக் கொள்ளும் குணம். வேலியில் வண்ணச் சேலை கட்டுகிறார்கள், முடிதிருத்தும் கடையிலிருந்து முடி அள்ளி வந்து வரப்பில் தூவுகிறார்கள், தகரம் தட்டுகிறார்கள். சில நாள் அஞ்சும். அஞ்சியதால் ஆபத்து ஏதும் வரவில்லை என்று கண்டதும், சேலையைத் தள்ளிக்கொண்டே உள்ளே நுழையும்.

தினைப்புனத்தை மேய வந்த பன்றி, பல்லி ஒலித்ததைக் கெட்ட சகுனமாக எண்ணி, மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்கே திரும்பிப் போனதாக நற்றிணையில் ஒரு காட்சி உண்டு. அந்தப் பன்றி பல்லிக்கு அஞ்சியது; இன்றைய பன்றியோ பட்டாசுக்கே அஞ்சுவதில்லை. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் பழக்கத்தைப் பன்றி விட்டுவிட்டது. பஞ்சாங்கம் புரட்டும் மனிதன்தான் இன்னும் விடவில்லை!

கோடு போட்டார்கள், பன்றி படிக்கவில்லை

இத்தகைய பிராணியைக் கட்டுப்படுத்தச் சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி மூன்றாம் பட்டியலில் இருந்தது. 2022-இல் திருத்தம் வந்தது. பன்றி இரண்டாம் பட்டியலுக்கு ஏறியது. உழவனுக்குக் கிடைக்காத பதவி உயர்வு, உழவன் கிழங்கைத் தின்ற பன்றிக்குக் கிடைத்தது!

தீங்கு விளைவிக்கும் விலங்கு என்று அதை அறிவிக்கும் அதிகாரம், 62-ஆவது பிரிவின்படி, மத்திய சர்க்காரின் கையில். பீகாரின் சில மாவட்டங்களுக்கு 2015-இல் அந்த அறிவிப்பு கிடைத்தது. உத்தரகண்டுக்கு 2016-இல் கிடைத்தது. கேரளம் பலமுறை கேட்டது, கிடைக்கவில்லை. காடும் காட்டு விலங்கும் ஒரு காலத்தில் மாநிலப் பட்டியலில் இருந்தவைதாம். 1976-இல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அவற்றைப் பொதுப்பட்டியலுக்கு இழுத்துக் கொண்டது. விளைவு? குமரியில் கிழங்கு தோண்டும் பன்றிக்கு டில்லியில் தீர்ப்பு!

மாநிலத்துக்கு மிஞ்சியிருப்பது 11-ஆவது பிரிவு. உயிருக்கோ நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். அதைக் கொண்டுதான் 2022-இல் கேரள அரசு, பன்றியைச் சுட உத்தரவிடும் உரிமையை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. தமிழகத்தில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம்.

நோக்கம் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் குமரியின் நிலத்தைப் பாருங்கள்! மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, 402 சதுர கிலோமீட்டர், 2008-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காடு முடியும் இடத்தில் ரப்பர். ரப்பர் முடியும் இடத்தில் வாழை. அந்த முதல் கிலோமீட்டரில்தான் ஏழை உழவனின் விளை இருக்கிறது. அழிவு அதிகம் உள்ள இடத்தில் அனுமதி இல்லை என்றால், அந்த மருந்தால் யாருக்கு நோய் தீரும்? பிடித்துக் காட்டில் விட்ட பன்றி, கிழங்கின் ருசியை மறந்தா போகும்?

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தபோது மலைமீது ஒரு மாநில எல்லை வந்தது. அந்த எல்லையைப் பன்றி இன்றளவும் ஏற்கவில்லை. அந்தப் பக்கம் துரத்தினால் இந்தப் பக்கம் வருகிறது. மாநில எல்லையை மதிக்காத பிராணி, கிலோமீட்டர் கல்லையா மதிக்கப் போகிறது?

அவுட்டுக்காய் வேண்டாம்!

வழி அடைபட்டவன் குறுக்கு வழி தேடுகிறான். வெடிமருந்தை உணவில் பொதிந்து அவுட்டுக்காய் வைக்கிறான். கம்பியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறான். 2020 மே மாதம் பாலக்காட்டில் அப்படி ஒரு வெடியைக் கடித்த சூல்கொண்ட யானை, வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டதை நாடே கண்டு கலங்கியது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் மாண்டன. பன்றிக்கு வைத்த பொறி ஆளைப் பார்ப்பதில்லை; ஆடு மேய்க்கும் சிறுவன் மிதித்தாலும் வெடிக்கும். மலையடிவாரத் தோழர்களை நாம் கைகூப்பிக் கேட்கிறோம்: அந்தப் பாதகம் வேண்டாம்!

பன்றியைப் பூண்டோடு ஒழி என்று நாம் சொல்லவில்லை. காட்டுக்குள் அது புலிக்கும் சிறுத்தைக்கும் இரை; மண்ணைக் கிளறி விதைக்கு இடம் தரும் தோழன். அங்கே இருக்கட்டும், வாழட்டும்! தோட்டத்தில் குடியேறியதைத்தான் கேட்கிறோம். கைவிடப்பட்ட தரிசிலும் ரப்பர் தோட்டத்துப் புதரிலுமே தங்கிப் பெருகுவதைத்தான் சொல்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. தூரத்தை அளக்காதீர்கள், சேதத்தை அளந்து அனுமதி கொடுங்கள். பன்றி இரவு 11 மணிக்கு வருகிறது. உழவனின் மனு மறுநாள் 11 மணிக்குத்தான் அலுவலகத்தில் நுழைகிறது. அந்த இடைவெளியைக் குறையுங்கள். சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினராக இருக்கட்டும். எங்கே, எந்தக் கூட்டம் என்று காட்டுவதற்குக் காணி மக்களைக் கூலி கொடுத்து அழையுங்கள். ஒருவன் விளைக்கு மட்டும் வேலி போட்டால் பன்றி அடுத்தவன் விளைக்குப் போகும். எனவே ஊர் முழுவதற்குமாகச் சூரிய மின்வேலி அமைக்க உதவுங்கள். தரிசுப் புதரை வெட்டுங்கள். இழப்பீட்டை அடுத்த நடவுக்கு முன்பே கையில் கொடுங்கள். டில்லியிடமோ, பறித்துக் கொண்ட அதிகாரத்தைத் திருப்பித் தா என்று உரக்கக் கேளுங்கள்.

பன்றியின் பழக்கம் உழவனுக்குத் தெரியும், காணிக்குத் தெரியும். சட்டம் எழுதுகிறவர்களுக்கும் அது தெரிய வேண்டாமா? கோப்புப் புரட்டும் கனவான்களே, ஓரிரவு குமரியின் மலையடிவாரத்துக்கு வாருங்கள்! காவல் பரணில் உழவனுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். விடிந்ததும் அவன் விளையைச் சுற்றிப் பாருங்கள். பிறகு எழுதுங்கள், உங்கள் எல்லைக்கோட்டை!