முன்னறிவிப்பு படகு வரைக்கும் போய்ச் சேர வேண்டும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பு கரையில் இருப்பவருக்குப் போதும். ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு, எந்தத் திசையில் ஓடுவது, கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்திலிருந்து சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடல் போகும் படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. அந்தப் படகுகளை மனதில் வைத்தே இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

2017 நவம்பர் 29 முற்பகலில் இலங்கையின் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அதற்கு முன்பே கிளம்பிய படகுகள் கைப்பேசியும் வி.எச்.எப். வானொலிக் கருவியும் எட்டாத தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை கரையோடு நின்றுபோனது. எத்தனையோ வீடுகளுக்கு, கடலில் போனவரின் உடல்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆகவே ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறவும் அனுப்பவும் கூடிய கருவி அரசுச் செலவில் பொருத்தப்பட வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. 2019-இல் வந்த ஜெமினி கருவி செய்தியை வாங்கும், திருப்பி அனுப்பாது. ஆபத்தில் இருப்பவர் தன் இடத்தைச் சொல்ல வழி இருந்தாக வேண்டும்.

செய்தி வந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். அலை உயரம் 3 மீட்டர் என்றால் அதற்கு மேல் அலை வராது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண், அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று கிட்டத்தட்ட 6 மீட்டர் வரை எழலாம். காற்றும் அப்படித்தான். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகக் காற்று 65 ஆனால் படகின் மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அறிவிப்பில் "இடையிடையே 65" என்று வரும் சொல்லைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கள்ளக்கடல் என்று நாங்கள் சொல்லும் திடீர் அலைப்பெருக்கு இதைவிட ஏமாற்றக்கூடியது. வானம் வெளுத்திருக்கும், காற்றே இருக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, பெருங்கடலில் பிறந்த அலை துறைமுக முகத்துவாரத்தில் வந்து நிமிர்ந்து உடையும். வாடைக் காற்றையும் கச்சான் காற்றையும் முகத்தில் பட்டதுமே அடையாளம் சொல்லும் எங்கள் மூத்தவர்களின் அறிவை நாங்கள் போற்றுகிறோம்; ஆனால் இந்த அலை வருவதை வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அலை உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான வினாடிகளையும் கணித்துத் தருகிறது. உயரம் 2 மீட்டர்தான் என்றாலும் இடைவெளி 15 வினாடியைத் தாண்டினால் முகத்துவாரத்தைக் கடப்பது ஆபத்து. இந்த இடைவெளி எண் தமிழ் அறிவிப்புகளில் தவறாமல் இடம்பெற வேண்டும். துறைமுகத்துக்குத் துறைமுகம் நேரத்தோடு சொல்லப்பட வேண்டும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரி உதவாது.

ஓட்டுநர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் முன்னறிவிப்பைப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்புகளை நடத்துவது எங்கள் பொறுப்பு. எச்சரிக்கை உள்ள நாளில் தொழிலாளியைக் கடலுக்கு அனுப்பும் படகு உரிமையாளர் யாராக இருந்தாலும், எங்கள் உறுப்பினரே ஆனாலும், அவர் பக்கம் நிற்க மாட்டோம். அதேபோல எச்சரிக்கையை மதித்துக் கரையில் நின்ற நாட்களுக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் போன்ற ஓர் உதவித்தொகையை அரசு தர வேண்டும். அடுப்பு எரியாத வீட்டிலிருந்துதான் ஒருவர் எச்சரிக்கையை மீறிக் கிளம்புகிறார்.