சித்திரக்காரருக்கு ஒரு சுவர் வேண்டும்!

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உடம்பு நன்றாக இருந்தால்தான் காரியம் நடக்கும் என்பதற்காகச் சொன்ன பழமொழி அது. ஆனால் சேத்துப்பட்டுப் பக்கத்துச் சித்திரக்காரருக்கு அந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. அவரிடம் தூரிகை இருக்கிறது. வர்ணம் இருக்கிறது. வரையத் தெரிந்த கையும் இருக்கிறது. சுவர்தான் இல்லை.

சென்னை நகரத்துச் சேத்துப்பட்டு அல்ல இது. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரிலிருந்து வந்தவாசிக்குப் போகும் வழியில், லூர்து மாதா கோயிலால் பெயர் பெற்ற சேத்துப்பட்டு. ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு வர்ணத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. கல்யாணப் புடவை எடுக்க உட்காரும் பாட்டியம்மாளைக் கவனித்தால் தெரியும். அரக்கிலே எத்தனை அரக்கு, பச்சையிலே எத்தனை பச்சை என்று பிரித்துச் சொல்வாள். “இந்த உடலுக்கு இந்தக் கரை எடுக்காது” என்று ஒரே பார்வையில் தள்ளிவிடுவாள். கலைக் கல்லூரியில் பல வருஷம் படித்தவர் சொல்வதற்கும் அவள் சொல்வதற்கும் அதிக வித்தியாசம் இராது.

இப்படிப்பட்ட கண்ணுக்கு, ஓர் ஓவியர் கையால் வரைந்த படத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு வாழ்நாளில் எத்தனை முறை கிடைக்கிறது? காலண்டர் படம் உண்டு. டெலிபோனில் வரும் படம் உண்டு. தூரிகை போன தடம் தெரிகிற படம்?

சுவர் எங்கே போயிற்று?

முன்பு இப்படி இல்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு ஆர்ட்டிஸ்ட் இருந்தார். கடைக்குப் பெயர்ப் பலகை எழுதினார். சினிமா பேனர் வரைந்தார். தேர்தல் வந்தால் சுவரெல்லாம் அவர் கைவண்ணம்தான். சாரத்தின் மேல் நின்று அவர் மூக்கையும் கண்ணையும் தீட்டும்போது, கீழே பள்ளிக்கூடப் பையன்கள் பையைத் தோளில் மாட்டியபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதுவே அவர்களுக்குக் கண்காட்சி. அதுவே பாடசாலை.

பிறகு பிளெக்ஸ் பேனர் வந்தது. சில மணி நேரத்தில் மெஷின் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. கூலியும் குறைவு. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தச் சாரம் இறங்கியபோது, பையன்கள் அண்ணாந்து பார்க்கும் இடமும் கூடவே போய்விட்டது. அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

போளூருக்கும் ஆரணிக்கும் இடையே, வடமாதிமங்கலத்துக்கு அருகில், திருமலை என்று ஒரு சமணத் தலம் இருக்கிறது. அங்கே பாறையில் செதுக்கிய நேமிநாதரின் உருவம் வானளாவ நிற்கிறது. சோழர் குலத்துக் குந்தவையின் பெயரால் ஒரு ஜினாலயமும் உண்டு. குகை அறைகளின் சுவரிலும் கூரையிலும் பழைய வர்ணச் சித்திரங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை விஜயநகர காலத்தவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆங்காங்கே உதிர்ந்துவிட்டன. இருந்தாலும் சிவப்பும் மஞ்சளும் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்தச் சீமையில் சித்திரக்காரருக்கு ஒரு சுவரை ஒதுக்கிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வீட்டுத் திண்ணைக்கு ஏற்ற வர்ணம்

இன்றைக்குச் சிறிய ஊர்களில் படம் வரைகிறவர்கள் பெரும்பாலும் அக்ரிலிக் வர்ணத்தைத்தான் எடுக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு.

பழைய எண்ணெய் வர்ணம் காய நாள் கணக்கில் ஆகும். தடித்துப் பூசினால் வாரக் கணக்கு. டர்ப்பன்டைன் வாசனை வேறு. ஒரே கூடத்தில் சமையலும் படிப்பும் படுக்கையும் நடக்கிற வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1950-களில் அமெரிக்காவில் தண்ணீர் விட்டுக் கலக்கும் அக்ரிலிக் வர்ணம் ஓவியர்களுக்கென்று விற்பனைக்கு வந்தது. பிறகு உலகெங்கும் பரவியது. தச்சர் பூசுகிற வெள்ளைப் பசை காய்ந்தபின் கண்ணாடிபோல் ஆகிவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய அந்த மாதிரிதான் இதுவும். பால்போன்ற ஒரு பசையில் வர்ணப்பொடி கலந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போனதும் பசை தோல்போல் இறுகி, வர்ணத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் தண்ணீர் பட்டாலும் கரையாது. துணி, பலகை, சுவர் எதிலும் ஒட்டும்.

தறிக்காரருக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம். சாயம் நூலுக்குள் இறங்குகிறது. அக்ரிலிக் துணியின் மேல் உட்காருகிறது.

கெட்ட குணமும் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தட்டில் எடுத்த வர்ணம் தொட்டுத் தீட்டுவதற்குள் காய்ந்துவிடும். தூரிகையை உடனே கழுவாவிட்டால் குச்சிதான் மிச்சம். இரண்டு வர்ணத்தை மெல்ல ஒன்றோடொன்று இழைக்க வேண்டுமென்றால் கை வேகமாக ஓட வேண்டும். ஆனால் தப்பாகப் போனால் கவலை இல்லை. காய்ந்ததும் அதன் மேலேயே வேறு வர்ணம் பூசிவிடலாம். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்கிறது?

திருவண்ணாமலை தந்த ஓவியர்

இந்த மாவட்டத்திலிருந்து ஓவியர் வரவே இல்லையா? வந்தார். பெரியவராகவே வந்தார். 1932-இல் திருவண்ணாமலையில் பிறந்த ஏ. பி. சந்தானராஜ், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் ஆரம்பித்த பள்ளி அது. பிற்காலத்தில் கல்லூரியாயிற்று. படித்த இடத்திலேயே சந்தானராஜ் ஆசிரியரானார். முதல்வராகவும் இருந்தார். 2009-இல் காலமானார். தென்னாட்டு நவீன ஓவியத்தைப் பற்றி யார் எழுதினாலும் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

ஆனால் அவர் பிறந்த சீமையில் எத்தனை குடும்பங்கள் அவர் படம் ஒன்றையாவது நேரில் பார்த்திருக்கும்? படங்கள் இருப்பது கலைக்கூடங்களிலும் தனியார் வீடுகளிலும். சென்னை கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமி கூடம் இருக்கிறது. இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்துக் கூடம் இருக்கிறது. சேத்துப்பட்டிலிருந்து அங்கே போய் வர ஒரு முழு நாள் வேண்டும். தறியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கப் போ என்று சொன்னால் யார் போவார்கள்? போகாதவர்களைப் பார்த்து, “நம் ஜனங்களுக்குக் கலை ரசனை இல்லை” என்று பட்டணத்தில் இருப்பவர்கள் சொல்வது நியாயமே அல்ல.

சோறு போடுமா?

பிள்ளை நன்றாக வரைகிறான் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பினால், தகப்பனார் முதலில் கேட்பது ஒன்றுதான்: “படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?” இந்தக் கேள்வியை ஏளனம் செய்யக் கூடாது. கூலி வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர் வேறு எதைக் கேட்பார்?

ஓவியர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்கள் படித்து முடித்தபின் என்ன செய்வார்கள் என்று யோசித்தார். அன்று படத்தை வாங்குவோர் மிகக் குறைவு. எனவே ஓவியர்கள் ஒன்றுகூடி, துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாட்டிக் வேலையும் வேறு கைவேலைகளும் செய்தார்கள். அவற்றை விற்றார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு கடற்கரையோரம் இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. ஓவியம் நேராகச் சோறு போடவில்லை. துணி போட்டது. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு ஓவியர்கள் தங்களுக்குப் பிடித்த படத்தை வரைந்தார்கள்.

இன்னோர் உதாரணம் நெசவுக்கு இன்னும் நெருக்கமானது. 1950-களில் மத்திய சர்க்கார் நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியது. கைத்தறித் துணிக்குப் புதிய டிசைன் வரைந்து கொடுப்பது அவற்றின் முக்கிய வேலைகளில் ஒன்று. அதற்கு ஓவியர்களையே அமர்த்தினார்கள். கோட்டோவியத்தில் புகழ்பெற்ற கே. எம். ஆதிமூலம் அங்கே வேலை பார்த்தவர்தான். ரெட்டப்ப நாயுடுவும் அப்படியே. பகலில் புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் கோடு போட்ட கை, மற்ற நேரத்தில் காந்தியடிகளை வரைந்தது. காஞ்சிபுரத்தில் அப்படியொரு மையம் உண்டு. ஆரணிக்கு அது தூரமில்லை.

பட்டுப் புடவையில் அன்னம் ஒன்று நெய்ய வேண்டுமானால், முதலில் யாரோ ஒருவர் அந்த அன்னத்தைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்தாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். கம்ப்யூட்டரிலும் அன்னத்தின் கழுத்து எங்கே வளைய வேண்டும் என்று மனிதன்தான் முடிவு செய்கிறான். வரையத் தெரிந்த பிள்ளை தறி ஊருக்கு வேண்டாத பிள்ளை அல்ல.

எல்லோரும் ஆதிமூலம் ஆகிவிட முடியாது. பத்துப் பேரில் ஒருவர்கூடப் படத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல் போகலாம். தகப்பனாரிடம் இதை மறைக்க வேண்டியதில்லை.

கடன் போன பீரியட்

சரி, பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியட் என்று அட்டவணையில் இருக்கும். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தருவது வழக்கமில்லை.

2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதி நேரச் சிறப்பு ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்பயிற்சி, கம்ப்யூட்டர், தையல் போன்றவற்றுக்கு. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் ரூ.5,000 சம்பளம். பின்னர் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஓவியம் சொல்லிக் கொடுப்பவரே ‘சோறு போடுமா’ என்ற கேள்வியோடு வகுப்புக்குள் நுழைந்தால், பிள்ளைக்கு என்ன தைரியம் வரும்?

அதனால்தான் ஊரில் இருக்கும் ஓவியர் முக்கியமாகிறார். சனி, ஞாயிறில் தம் வீட்டுத் திண்ணையிலோ மாடியிலோ பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பவர்கள் சிற்றூர்களில் இருக்கவே செய்கிறார்கள். லோயர், ஹையர் டிராயிங் பரீட்சைக்குத் தயார் செய்வதோடு சிலர் நின்றுவிடுகிறார்கள். மாம்பழம், குடம், மலை, சூரியன் என்று மாதிரிப் படத்தைப் பார்த்து அச்சாக வரையச் சொல்கிறார்கள். அது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் தறியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முதுகை வரையச் சொன்னால், பிள்ளை இரண்டு மடங்கு கற்றுக்கொள்ளும். அது தினமும் பார்க்கிற முதுகு. அன்றுதான் முதல் முறையாக அதைப் பார்க்கும்.

பாதிப் படத்தையும் காட்டலாம்

ஓவியர்களிடமும் ஒரு குறை உண்டு. முடிந்த படத்தை மட்டுமே காட்டுவார்கள். பாதியில் நிற்கும் படத்தின் மேல் துணி போட்டு மூடிவிடுவார்கள். யாராவது எட்டிப் பார்த்தால் கோபம் வரும்.

தறிக்காரர் அப்படிச் செய்வதில்லை. அரைப் புடவை தறியில் இருக்கும்போதே பக்கத்து வீட்டார் வந்து பார்க்கிறார்கள், அபிப்பிராயம் சொல்கிறார்கள். வாசலில் கோலம் போடும் பெண்ணும் தெரு பார்க்கத்தான் போடுகிறாள். புள்ளி தப்பினால் எல்லோருக்கும் தெரியும். அழித்துவிட்டு மறுபடி போடுவாள்.

பாதி வரைந்த படத்தில்தான் வித்தை தெரியும். முதலில் பெரிய பெரிய இடமாக வர்ணம் பூசியிருப்பதும், முகம் எங்கே வரும் என்று வெறும் கோடு நிற்பதும், நேற்று நீலமாக இருந்த வானம் இன்று சாம்பலாக மாறியிருப்பதும் பிள்ளைக்குப் புரியும். பெரியவருக்கும் தப்பு வருகிறது, அவரும் அதன் மேல் பூசித் திருத்துகிறார் என்பதைப் பார்த்த பிள்ளை, தன் காகிதத்தைக் கிழித்துப் போடாது.

இனி சுவர் விஷயம். ஏ.சி. கூடமும் கண்ணாடிச் சட்டமும் வேண்டியதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு சனி, ஞாயிறு திறந்துவிட்டால் போதும். கித்தானில் வரைந்த படங்களைப் பந்தல் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம். சுவரில் ஆணி அடிக்கவே வேண்டாம். ஒரு மூலையில் ஓவியர் தம் பாதிப் படத்தோடு உட்காரட்டும். பிள்ளைகள் வரைந்ததையும் பக்கத்திலேயே மாட்டட்டும். நுழைவுச் சீட்டு வேண்டாம். பாட்டியம்மாள்கள் வருவார்கள், “இந்த மஞ்சளுக்கு இந்தச் சிவப்பு எடுக்காது” என்பார்கள். ஓவியர் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல இடங்களில் அவள் சொல்வது சரியாக இருக்கும்.