தண்ணியில்லாக் காட்டுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர்

என் சொந்த ஊர் சிக்கல். இதைச் சொல்வதிலேயே எத்தனை சிக்கல் என்று எனக்குத்தான் தெரியும். சென்னைக்கு வந்த புதிதில் மேன்ஷன் மேனேஜர் "எந்த ஊருப்பா?" என்றார். "சிக்கல் ஸார்." ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அட்வான்ஸை மொத்தமா கட்டிடு" என்றார்.

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள், "அட, சிங்காரவேலர் கோயில்! தில்லானா மோகனாம்பாள்ல சிவாஜி!" என்று பரவசப்படுவார்கள். அது நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கல். எங்கள் சிக்கல் ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே, சாயல்குடி பக்கம். எங்கள் ஊரில் நாதஸ்வரம் கிடையாது. கரிமூட்டம் உண்டு, குண்டு மிளகாய் உண்டு.

இந்த வம்பே வேண்டாமென்று பல வருஷமாக "மதுரைப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் 'பக்கம்' நூறு கிலோமீட்டருக்கு மேல்.

பெயர் மட்டும் காரணமில்லை. 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!' இந்த வசனம் வராத தமிழ் சினிமா உண்டா? மந்திரி இன்ஸ்பெக்டரை மிரட்டுவார், மேனேஜர் கிளார்க்கை மிரட்டுவார். தியேட்டரே சிரிக்கும். எங்கள் ஜில்லாக்காரன் மட்டும், தன் வீட்டு விலாசத்தை யாரோ உரக்கப் படித்த மாதிரி உட்கார்ந்திருப்பான்.

போன தை மாதம் என் நண்பருக்கு நிஜமாகவே அந்த ஆர்டர் வந்துவிட்டது. (பெயரும் ஆபீஸும் வேண்டாம். ஒரு கேஷுவல் லீவ் விஷயமாக மேலே வாய் கொடுத்தார், அவ்வளவுதான்.) மனைவி அழுதார். மாமியார் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் பண்ணினார். இதற்கு நடுவில் அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், "மாமா, போன வாரம் பாலைவனத்துக்கு டூர் போனோம், சூப்பர்!" என்று போட்டோக்கள் அனுப்பிவைத்தார். நண்பர் நொந்துவிட்டார். "பாருங்க ஸார், அவன் காசு கொடுத்துப் போறான். என்னைத் தண்டனையா அனுப்பறாங்க."

மைத்துனர் போன ஊர் லாஃப்லின். நெவாடாவில், மொஹாவி பாலைவனத்துக்குள், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கிறது. 1964-ல் டான் லாஃப்லின் என்பவர் மூடிக் கிடந்த ஒரு மோட்டலை வாங்கினார். 1966-ல் சூதாட்ட விடுதி திறந்தார். தபால் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் ஊருக்குப் பெயர் வேண்டுமென்று கேட்க, லாஃப்லின் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. ஆற்றோடு கீழே போனால் லேக் ஹவாசு சிட்டி. அங்கே வேடிக்கை காட்டுவதற்கு லண்டன் பாலத்தையே 1968-ல் விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய்க் கட்டி, 1971-ல் திறந்தார்கள்.

"அவங்களுக்கு ஆறு, பாலைவனம், பாலம். உங்க ஊர்ல என்ன ஸார் இருக்கு?" என்றார் நண்பர்.

எனக்குச் சுருக்கென்றது. "நானும் வர்றேன், வாங்க" என்று கிளம்பிவிட்டேன். ஆளுக்கொரு பெட்டி. அவர் கையில் கூடுதலாக இரண்டு தண்ணீர் கேன்.

பரமக்குடி தாண்டும்போது வைகையைக் காட்டினேன். மணலைக் காட்டினேன் என்பதுதான் சரி. 258 கிலோமீட்டர் ஓடிவந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிற ஆறு. மிஞ்சினால்தான் கடலுக்கு. ஆலகால விஷத்தைச் சிவனுக்குக் கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை ரோஷப்பட்டதாக ஒரு பழைய புலவர் சமாளித்திருக்கிறார். மைத்துனரின் கொலராடோவும் இப்போதெல்லாம் பெரும்பாலும் கடலைத் தொடுவதில்லை. அங்கே ரோஷமில்லை, வழியெல்லாம் அணையும் கால்வாயும்தான் காரணம்.

வைகையின் மிச்சம் கடலுக்குப் போகிற இடத்தில் ஒரு கிராமம். பெயரே ஆற்றங்கரை. பக்கத்து அழகன்குளத்தில் 1986-லிருந்து தொல்பொருள் துறை தோண்டியதில் ரோமானியக் காசு, கப்பல் படம் கீறிய பானை ஓடு எல்லாம் கிடைத்திருக்கின்றன. ரோமாபுரிக்காரர்களோடு அந்தக் காலத்திலேயே கொடுக்கல் வாங்கல். அவர்கள் யாரும் இதைத் தண்டனை டிரான்ஸ்ஃபராக நினைத்ததாகத் தெரியவில்லை.

ராமநாதபுரத்தில் நண்பரை முதலில் ராமலிங்க விலாசத்துக்கு அழைத்துப் போனேன். போகலூரிலிருந்த தலைநகரை இங்கே மாற்றிய கிழவன் சேதுபதி கட்டிய அரண்மனை. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருக்கு நண்பர், ஆலோசகர். 'செத்தும் கொடுத்தான்' என்கிறோமே, அவரேதான். சுவர் முழுக்க ஓவியம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்தது. தஞ்சாவூர் மராட்டியரோடு சண்டை, ஐரோப்பியர்களோடு பேச்சுவார்த்தை, ராமாயணம், ராஜாவின் அந்தப்புரம். நண்பர் அந்தப்புரத்தின் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். நான் கண்டுகொள்ளவில்லை.

ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் இந்த அரண்மனையை அவசியம் பார்க்கவேண்டும். ஏனென்றால், அதிகாரியைப் பார்க்க அலைந்த ஒரு மனிதனின் கதை இங்கேதான் முடிந்தது. 1798-ல் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை வரச்சொன்னார். வந்தால் ஆள் இல்லை, குற்றாலத்தில் கேம்ப். அங்கே போனால் அடுத்த ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர், கமுதி என்று அலையவிட்டுக் கடைசியில் செப்டம்பர் 10-ம் தேதி இந்த அரண்மனையில் சந்திப்பு. உட்காரக்கூடச் சொல்லவில்லை. பேச்சு முற்றிக் கைகலப்பாகி லெப்டினென்ட் கிளார்க் உயிர் போனது. பிறகு நடந்த விசாரணையில் தப்பு கட்டபொம்மன் மேல் இல்லை என்றார்கள். ஜாக்சனுக்குத்தான் பதவி போயிற்று. நண்பர் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம்.

"கட்டபொம்மனை அப்புறம் விட்டுட்டாங்களா ஸார்?"

"அடுத்த வருஷம் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள்."

வெளிச்சம் அணைந்தது.

அந்த மண்டபத்தில் வைத்துத்தான் அவருக்கு முத்திருளப்ப பிள்ளை கதையைச் சொன்னேன். பென்னிகுயிக்கை எல்லாருக்கும் தெரியும். 1895-ல் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே கேரளக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பிய மகான். ஆனால் அதற்கு நூறு வருஷம் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் சமயத்தில், அந்த யோசனையைக் கையில் எடுத்தவர் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியான முத்திருளப்ப பிள்ளை. செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட வேண்டியதாயிற்று. நான் பி.காம். எனக்கு இது நன்றாகப் புரிகிறது. திட்டம் ஏ ஒன், ஃபண்ட் நில். கஜானாவில் மட்டும் பணம் இருந்திருந்தால்!

அந்தச் சேதுபதியின் கதையும் சுகமில்லை. 1795-ல் கம்பெனிக்காரன் அவரைப் பட்டத்திலிருந்து இறக்கினான். திருச்சியில் கொஞ்ச காலம், அப்புறம் சென்னைக் கோட்டையில் சிறை. 1809-ல் அங்கேயே இறந்தார். ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்குத் தண்டனையாக மாற்றப்பட்டவரும் உண்டு!

தண்ணீர் பற்றி யார் முதலில் யோசிப்பார்கள்? இல்லாதவன்தானே? பெரியாற்றுத் தண்ணீர் கடைசியில் வந்தது. தேனி, மதுரை, சிவகங்கை என்று எல்லாரும் எடுத்தது போக மிச்சம் எங்களுக்கு. பந்தியைப் போடச் சொன்னவன் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். பாயசம் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை டவுன் ஓரத்துச் சக்கரக்கோட்டை கண்மாய். நல்ல மழை பெய்த வருஷம். கருவேல மரங்களின் மேல் மஞ்சள் மூக்கு நாரைகள் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். நண்பர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"இது ராம்சார் லிஸ்ட்ல இருக்கு" என்றேன்.

"யாரு ராம் ஸார்? ரீஜனல் மேனேஜரா?"

ராம்சார் ஈரானில் ஓர் ஊர். உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளைக் காப்பாற்ற 1971-ல் அங்கே ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022-ல் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல். தண்ணியில்லாக் காட்டில் உலகம் ஒப்புக்கொண்ட கண்மாய்கள் நாலு! எங்கிருந்தோ பறந்து வரும் பறவைக்குத் தெரிந்தது சினிமா வசனகர்த்தாவுக்குத் தெரியவில்லை.

ராமேஸ்வரம், தனுஷ்கோடி உங்களுக்கே தெரியும். பாலம் கேட்டாரே, அதற்காகப் பாம்பனையும் காட்டினேன். கடல் மேல் 1914-லேயே ரயில் விட்டவர்கள், 2025-ல் பக்கத்திலேயே புதுசும் திறந்தாயிற்று. எதையும் லண்டனிலிருந்து வாங்கவில்லை. மூன்றாம் நாள் சிக்கலுக்குக் கிளம்பியபோது வழியில் உத்தரகோசமங்கையில் இறங்கினோம். மரகத நடராஜர் வருஷம் பூராவும் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழித் திருவாதிரைக்குத்தான் காப்பு களைந்த தரிசனம். நாங்கள் போனது தை. அடுத்த மார்கழிவரை நண்பருக்கு டிரான்ஸ்ஃபர் கேன்சலாகாமல் இருக்க வேண்டிக்கொண்டேன். அவர் என்ன வேண்டினார் என்று கேட்கவில்லை.

சிக்கலில் வாசலில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "முருங்கை மரத்தடியில நின்னு கால் கழுவுங்க தம்பி" என்றாள். நண்பருக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் காலைக் கழுவினால் முருங்கை குடிக்கவேண்டும், அரிசி களைந்தால் ஆடு குடிக்கவேண்டும்.

கொல்லையில் பழைய தள்ளுவண்டி நின்றது. ஆறு குடம் உட்காருகிற மாதிரி ஆறு குழி. நான் எட்டாவது படித்தபோது ராத்திரி அம்மாவோடு இதைத் தள்ளிக்கொண்டு போவேன். காய்ந்த ஊருணியில் ஆளுயரத்துக்கு ஊற்றுத் தோண்டியிருக்கும். அம்மா உள்ளே இறங்கி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொள்ளுவாள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம். நான் மேலே அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வேன். இப்போது திருச்சிப் பக்கம் எடுக்கிற காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. வராத நாளும் உண்டு. வண்டியை அம்மா விற்காததற்கு அதுதான் காரணம்.

நண்பர் சாப்பிட்டுக்கொண்டே, "உங்க பையன் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் மதுரைப் பக்கம்னுதாம்மா சொல்லுவார்" என்று சிரித்தார்.

நான் தட்டைப் பார்த்தேன்.

"தெரியும் தம்பி" என்றாள் அம்மா. "இவனுக்கு முதமுதல்ல பொண்ணு பாக்கப் போனப்ப, தண்ணி வசதி எப்புடின்னு கேட்டாக. மதுரைப் பக்கம், ஒண்ணும் குறையில்லைன்னான். நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அவர்கள் விசாரித்துவிட்டார்கள். (என் மனைவி அருப்புக்கோட்டை. குடத்தைப் பார்த்து மிரளாத ஊர்.) ஆனால் அம்மா இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தெருவில் யாரோ, "தண்ணி வந்துருச்சு!" என்று குரல் கொடுத்தார்கள். அம்மா எழுந்தாள். "நீ இரும்மா" என்று கையைக் கழுவி — முருங்கையடியில்தான் — குடங்களை வண்டியில் ஏற்றினேன். தெருவில் இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தால், நண்பர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, தன் இரண்டு கேனையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார்.